பார்வையிடப்படாத அறை

ஆவரம்பொட்டல் என்று ஓர் ஊர் இருந்தது, இப்போதும் இருக்கிறது, முன்பு இருந்த அளவுக்கு இல்லை என்பதுதான் விஷயம். பேரூராட்சியாக இருந்தது நகராட்சியாக உயர்ந்த மிதப்பில் அந்த ஊர் ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டது, கான்கிரீட்டின் மேல் மாடி எழுப்பியது, மாடியின் மேல் தகரக் கொட்டகை போட்டது, தன் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு பல்லி திரும்பிப் படுக்க இடம் விடாமல் கட்டியது, கட்டியதற்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் கட்டியது. இதையெல்லாம் பார்க்க வேண்டிய கட்டட ஆய்வாளர் ஞானசிகாமணி, தெருவின் ஒரு முனையில் மொபெட்டில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுவார். அதற்குத்தான் ஆய்வு என்று பெயர்.

அவரைக் குறை சொல்லிவிட முடியாது, யாரிடமும் கைநீட்டாத மனிதர், ஒரு டீக்குக்கூடத் தானே காசு கொடுப்பவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அளவு நாடாவோடு ஒரு வீட்டின் பின்கட்டுக்குப் போனவர், அங்கே குளித்துக்கொண்டிருந்த பெண்ணைத் தெரியாமல் பார்த்துவிட, தெருவே கூடி அவரை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்துவிட்டது. அன்று குனிந்த தலை பிறகு நிமிரவேயில்லை. எந்த வீட்டுக்குள்ளும் அவர் காலெடுத்து வைப்பதில்லை, எந்த வீட்டுப் பெண்ணின் முகத்தையும் பார்ப்பதில்லை, முகப்பை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஊர் அவரைத் தங்கமான மனுசர் என்று சொன்னது, ஊருக்கு அது வசதியாகவும் இருந்தது.

எங்கோ ஓர் ஊரில் மாடி இடிந்து ஒரு கல்யாண வீடே மண்ணுக்குள் போனபிறகு, மேலிடத்திலிருந்து உத்தரவு மேல் உத்தரவாக வந்தது. நகராட்சி கூடி, வடை தின்று, தீர்மானம் போட்டது: எல்லைக்குள் இருக்கும் குடியிருப்புகள் அனைத்தும் ஆய்வாளரால் தெரு வாரியாக நேரில் பார்வையிடப்பட வேண்டும், பார்வையிடப்படாத பகுதி இல்லாததாகவே கருதப்படும். மேசையைத் தட்டி ஏகமனதாக நிறைவேற்றினார்கள். ஆவரம்பொட்டலில் அதுவரை எந்தத் தீர்மானமும் நடைமுறைக்கு வந்ததில்லை என்பதால் யாரும் இரண்டாம் முறை யோசிக்கவில்லை.

ஞானசிகாமணி வழக்கம்போல் கீழத்தெருவை மொபெட்டில் பார்வையிட்டு முடித்தார். மறுநாள் விடியக்காலையில், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், அந்தத் தெருவில் ஓய்வுபெற்ற கண்டக்டரின் மனைவி பால் காய்ச்சப்போய் அடுப்படிக் கதவைத் திறந்தாள், கதவுக்கு அந்தப் பக்கம் வானம் இருந்தது.

"என்னங்க, அடுப்படியைக் காணோம்."

"நல்லாப் பாரு, அங்கனதான் இருக்கும்," என்றார் அவர், போர்வையை விலக்காமலே.

அடுப்படி இல்லை, அதற்குப் பின்னால் இருந்த படுக்கையறை இல்லை, மாடிப்படி இல்லை, அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குக்கூட முகப்பைத் தாண்டி எதுவும் இல்லை. இடிந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, ஒரு செங்கல் துண்டு கிடக்கவில்லை, கூட்டிப் பெருக்கிச் சாணம் தெளித்ததுபோல் தரை கிடந்தது. உள்ளே படுத்திருந்தவர்கள் பாயோடு வெட்டவெளியில் கிடந்து, முகத்தில் பனி விழ எழுந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரனும் அப்படியே உட்கார்ந்திருப்பதைக் கண்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள்.

ஊர் அதற்கும் பழகியது. மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்? நகராட்சியில் புகார் கொடுக்கப் போனவர்களிடம், இல்லாத அறைக்கு எப்படிப் புகார் வாங்குவது என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான் என்று திரும்பி வந்தார்கள். முகப்பில் சமைத்தார்கள், முகப்பில் படுத்தார்கள், பின்னால் கீற்றுத் தட்டி கட்டிக் குளித்தார்கள். பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீடு முழு வீடா, முகப்பு வீடா என்று முதலில் விசாரித்தார்கள். வீட்டுவரி குறையும் என்று ஒருவர் கணக்குப் போட்டு மகிழ்ந்தார், அவருக்குக் கடைசிவரை குறையவில்லை.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் ஊரை உலுக்கியது. கீழத்தெருவில் பிடிப்பில்லாமல் இருந்ததெல்லாம் நின்றது, கட்டிக்கிடந்ததெல்லாம் போனது. அடுப்புத் திண்டு போயிருந்தது, அடுப்பு தரையில் உட்கார்ந்திருந்தது. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன, சங்கிலியில் கிடந்த நாய் சங்கிலியோடு போயிருந்தது. ஒரு தொழுவத்தில் முளைக்குச்சியில் கட்டியிருந்த மாடு, குச்சியும் கயிறுமாகக் காணாமல் போக, கட்டாமல் விட்டிருந்த கன்றுக்குட்டி மட்டும் மடி இருந்த இடத்தை மோந்து மோந்து கத்திக்கொண்டு நின்றது. அந்தச் சத்தம் நாள் முழுக்க ஊருக்குள் கேட்டது.

அதிலிருந்து ஆவரம்பொட்டலில் யாரும் எதையும் கட்டிப்போடவில்லை. ஆடுகள் தெருவெல்லாம் திரிந்தன, தூளியை அவிழ்த்துப் பிள்ளைகளைத் தரையில் கிடத்தினார்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டலாமா வேண்டாமா என்று பூசாரி தவித்தார், பெண்கள் அடிக்கொரு தரம் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள், சில பெண்கள் புருசனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஞானசிகாமணியோ ஒரே நாளில் சாமியாகிப் போனார். அடுத்தடுத்த தெருக்காரர்கள் அவரை மேளம் வைக்காத குறையாக அழைத்துப்போய், ஆரத்தி எடுத்து, கைத்தாங்கலாக உள்ளே நடத்தி, பரணைப் பாருங்க சார், மாடிப்படிக்கு அடியில பாருங்க சார், கக்கூஸைப் பாருங்க சார் என்று கெஞ்சினார்கள். பெண்களெல்லாம் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, அவர் குனிந்த தலையோடு சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் "பார்த்தாச்சு" என்றார். அவர் பார்த்தது நின்றது, பாராதது போனது. சொன்ன சொல் தவறாத தெய்வம் அந்த ஊருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

மேலத்தெருவின் முறை வந்தது. அந்தத் தெருவில்தான் இரும்புக்கடை குருவையாவின் வீடு.

குருவையா பெரிய மனிதர், பஞ்சாயத்துக்கு அவரில்லாமல் ஆகாது. அவருக்கும் சண்முகக்கனிக்கும் ஒரே மகள், பூரணி. அவள் தண்ணீர்த்தொட்டித் தெருவிலிருந்து வந்து மினிபஸ் ஓட்டிய ஒரு பையனை விரும்பினாள், பையன் நல்லவன்தான், தண்ணீர்த்தொட்டித் தெருவில் பிறந்திருந்தான் என்பதுதான் குற்றம். பையன் ஊரைவிட்டுப் போய்விட்டான், போனானா அனுப்பப்பட்டானா என்று யாரும் கேட்கவில்லை. பூரணியை சூரத்தில் ஜவுளி வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டதாகக் குருவையா சொன்னார், கல்யாணச் சாப்பாடு போடாததை ஊர் மன்னித்துக்கொண்டது. விசேஷ வீடுகளில் யாராவது "பூரணி எப்படி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்கா," என்பார் அவர், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். பின்வீட்டுக்காரர்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருமுவது வருஷக்கணக்காகக் கேட்டது. அவர்களும் கேட்பார்கள், "பூரணி எப்படி இருக்கா?"

ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள், சோறு போட்டுக்கொண்டே சண்முகக்கனி பேச்செடுத்தாள்.

"பின்னறையை என்ன செய்யப் போறீங்க?"

"எந்தப் பின்னறை?"

"வெளாடாதீங்க. நாளைக்கு அந்த ஆளு வாராரு. காட்டலைன்னா மறுநா தண்ணி வர்ற நேரத்துக்கு அது இருக்காது."

"போகட்டுமே. ரூமு போனா புள்ள தரையில கெடப்பா, வெளிச்சம் வருமுன்ன தூக்கி ஸ்டோருக்குள்ள விட்டுருவோம். கீழத்தெருவுல படுத்துக் கெடந்தவுக யாரும் செத்தாங்களா?"

"அவுக இஷ்டத்துக்கு வந்து போனவுக. கட்டிக்கெடந்த மாடு போச்சு, கன்னுக்குட்டி நின்னுச்சு. எம்மக மாடா, கன்னுக்குட்டியா? நீங்களே சொல்லுங்க."

குருவையா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, "மோர் ஊத்து," என்றார்.

சண்முகக்கனிக்கு அந்த மனிதரோடு குடும்பம் நடத்திய காலமெல்லாம் அவரிடம் பயம்தான் இருந்தது, அன்றைக்கு மோர் ஊற்றும்போதுதான் முதன்முறையாக வெறுப்பு வந்தது. வெறுப்பு வந்ததும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தைரியம் என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது, ஆனால் வேலைக்கு ஆகும்.

மறுநாள் மேலத்தெருவே குருவையா வீட்டு வாசலில் நின்றது. பெரிய வீடு, முதலில் அங்கேதான் ஆய்வு. ஞானசிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்தபடி உள்ளே வந்து, கூடத்தைப் பார்த்தார், பூசையறையைப் பார்த்தார், மாடியைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"அம்புட்டுதான் சார்," என்றார் குருவையா.

"இன்னும் ஒரு ரூம் இருக்கு சார்," என்றாள் சண்முகக்கனி.

"அது விறகு போடுற எடம் சார், கரையான் அரிச்சுக் கெடக்கு. அவ கெடக்கா, விடுங்க."

அவள் அதற்குள் நடந்துவிட்டாள். அடுப்படியைத் தாண்டி, அரிசி மூட்டைகளைத் தாண்டி, ஆய்வாளரின் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப்போய் ஒரு கதவின் முன்னால் நிறுத்தினாள். வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஞானசிகாமணி என்ன இருந்தாலும் தொழில் தெரிந்தவர்.

"தாழ்ப்பாள் வெளிப்பக்கமா இருக்கேம்மா," என்றார்.

"விறகு எங்கயும் ஓடிராதுல்ல சார்," என்று சொல்லி அவள் தாழ்ப்பாளை இழுத்தாள்.

அவர் உள்ளே போனார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைப் பார்த்தார், செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைப் பார்த்தார், கட்டிலின் கால்களைப் பார்த்தார், தரையில் கிடந்த அலுமினியத் தட்டைப் பார்த்தார். தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் இருந்தன. வெளுத்த, மெலிந்த, மண் படாத பாதங்கள், ஒரு பெண்ணுடையவை. அவர் கண் அந்த விரல்களிலேயே நின்றுவிட்டது.

"ஆள் இருக்காங்களே," என்றார் மெதுவாக.

"அதான் சார். பாருங்க. நிமிந்து அவ மொகத்தைப் பாருங்க."

"வேண்டாம்மா. வீட்டுப் பொம்பளைங்களை நான் பார்க்கிறதில்ல. ரூமைப் பார்த்துட்டேன், ரூமு நிக்கும். பயப்படாதீங்க."

"ரூமு யாருக்கு சார் வேணும்? ஒரே ஒரு தடவை, ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்—"

"அதான் பார்த்தாச்சுன்னு சொல்லிட்டாருல்ல," என்று குருவையா நடுவில் வந்தார். "வாங்க சார், காப்பி ஆறுது."

அவள் கதவோரம் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பின்வீட்டுக்காரர் நின்றார், பஞ்சாயத்தில் குருவையாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் நின்றார், பூரணியோடு பள்ளிக்கூடம் போன பெண் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். அறைக்குள் யார் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஆய்வாளரைப்போலவே தலையைக் குனிந்துகொண்டு, தங்கள் கால் விரல்களைப் பார்த்தபடி, ஒருவர்பின் ஒருவராக வாசலுக்குப் போனார்கள். பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடாத நாகரிகம் ஆவரம்பொட்டலில் எப்போதுமே உண்டு. அந்த நாகரிகத்தில் இடி விழ.

அன்று சாயங்காலம் சண்முகக்கனி அந்தக் கதவை அகலத் திறந்துவைத்தாள், குருவையா தடுக்கவில்லை, கூடத்தில் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"வா தாயி. நடந்து வா. யாரும் ஒன்னும் சொல்லமாட்டாக. நான் இருக்கேன்ல," என்றாள் அம்மா.

பூரணி எழுந்து வந்தாள். வாசற்படிவரை வந்தாள். தரையிலிருந்து மூன்று விரல் உயரம் இருக்கும் அந்தப் படி, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒசரமா இருக்கும்மா," என்றாள்.

"எது தாயி?"

"வாசப்படி. ரொம்ப ஒசரமா இருக்கு. கால் எட்டமாட்டேங்குது."

சண்முகக்கனி அவள் கையைப் பிடித்து இழுத்தாள், பிறகு இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள், தூணைத் தூக்குவதுபோல் இருந்தது, அவ்வளவு மெலிந்த உடம்பு ஓர் அங்குலம் அசையவில்லை. மாரோடு அணைத்துத் தூக்கினாள், முதுகில் சாய்த்துத் தூக்கினாள், சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு தூக்கினாள், கூடத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டாள், ஒரு கை பிடிங்க, ஒங்க மகதானே, ஒரு கை பிடிங்க என்று கத்தினாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் படிக்கு இந்தப் பக்கமும் மகள் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து, மகளின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். மகள் சின்ன வயதில் கம்மங்கூழ் பிடிக்காமல் நாய்க்கு ஊற்றிவிட்டு நாய்மேல் பழி போட்ட கதையைச் சொன்னாள். பூரணி சிரித்தாள். பூரணியின் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டதென்று சண்முகக்கனிக்கு அழுகை வந்தது, அழாமல் அடுத்த கதையைச் சொன்னாள்.

விடியக்காலையில் தெருக்குழாயில் முதலில் காற்று வந்தது. அது ஊளையிட்டு, இருமி, பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. சண்முகக்கனியின் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

அறை அப்படியே நின்றது. சுவர் நின்றது, ஜன்னல் நின்றது, கட்டில் நின்றது, அலுமினியத் தட்டு கிடந்தது, ஆய்வாளர் பார்த்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை. தட்டுக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், காரை காயுமுன் யாரோ மிதித்துவிட்டதுபோல் இரண்டு பாதச் சுவடுகள் பதிந்திருந்தன. அவர் அதையும் பார்த்திருந்தார் அல்லவா.

சண்முகக்கனி தெருவுக்குப் போனாள். குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்களைத் தாண்டி, வடக்குத்தெருக்காரர்கள் அன்றைய ஆய்வுக்கு ஞானசிகாமணியை மாலை போட்டு அழைத்துப்போக நின்ற டீக்கடை முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஊரில் வேறு சத்தமும் இல்லை.

"எம்மக சூரத்துல இல்ல. என் வீட்டுப் பின்னறையில இருந்தா. ஒங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப அங்கயும் இல்ல. சுவத்தைப் பாத்தாரு, சுவரு இருக்கு. அவ மொகத்தைப் பாக்கல."

ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு வடக்குத்தெருவில், ஒரு பெரிய வீட்டின் உள்ளே, எங்கோ பின்னால், ஒரு தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து எதிர்வீட்டில் கேட்டது. அப்புறம் அடுத்த தெருவிலும், அதற்கடுத்த தெருவிலும், இன்னும் ஆய்வு வராத தெருக்களிலெல்லாம், துருப்பிடித்த தாழ்ப்பாள்கள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தன.

அவர்கள் வெளியே வந்தார்கள். வெளிநாட்டில் படிப்பதாகச் சொல்லப்பட்ட டாக்டர் வீட்டு மகன், சொட்டைத் தலையும் நீண்ட நகமுமாக வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். தலைமையாசிரியரின் தங்கை வந்தாள், கூடத்தைக் கடக்கும்போது சுவரில் மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்த தன் படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் வந்தார்கள், பிறந்ததாகவே சொல்லப்படாதவர்கள் வந்தார்கள், வாசற்படி உயரமாக இருக்கிறதென்று சிலர் படிக்கு உள்ளேயே நின்று அழுதார்கள். அத்தனை பேரை வைத்துக்கொண்டா இந்த ஊர் இத்தனை காலம் கோலம் போட்டது, கொடை கொண்டாடியது? அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அந்த ஊருக்குப் பயமாக இருந்தது.

ஞானசிகாமணி மாலையைக் கழற்றி டீக்கடைப் பெஞ்சில் வைத்தார். குனிந்து பழகிய கழுத்து வலிக்க வலிக்க நிமிர்ந்தார். தெருத் தெருவாக நடந்து, வெளியே வந்தவர்களையும் வரமுடியாமல் படியிலே நின்றவர்களையும் ஒவ்வொருவராக, கண்ணுக்குக் கண் பார்த்து, "பார்த்தேன், பார்த்தேன்," என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் குரல் போய்விட்டது, ஆனாலும் உதடு அசைந்துகொண்டிருந்தது. சண்முகக்கனி அவர் பின்னாலேயே, ஒரு வீடு விடாமல் நடந்து வந்தாள். எல்லோரையும் பார்த்து முடித்தபிறகு அவரை மேலத்தெருவுக்கு அழைத்துப்போனாள்.

கூடத்தில் குருவையா நேற்று உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, அரிசி மூட்டைகளைத் தாண்டி, ஊரில் பாதிப்பேர் பின்னால் வர, இருவரும் அந்த அறைக்குள் போனார்கள்.

"இப்ப நிமிந்து பாருங்க சார்," என்றாள்.

அவர் தரையில் இருந்த இரண்டு சுவடுகளிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லக் கண்ணை உயர்த்தி, ஒரு பெண்ணின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் நிறுத்தினார். அங்கே செங்கல் அடைத்த ஜன்னல் தெரிந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. "பார்த்தேன்" என்று சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை.

"சொல்லுங்க சார்," என்றாள் சண்முகக்கனி. "எம்மக பூரணி எப்படி இருக்கா?"

அறை நிறைய ஆட்கள் நின்றார்கள். அப்போது கூடத்திலிருந்து, நாற்காலியை விட்டு எழாமலே, பழக்க தோஷத்தில் குருவையா பதில் சொன்னார்.

"நல்லா இருக்கா."